கொசுறு

(ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு படிப்பகத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், 2025 டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், படிப்பகத்துப் பிள்ளைகளுக்கும், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்ட தாய்மார்களுக்கும் வணக்கம். உள்ளே நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள். படியில் பனி இறங்குகிறது.

"இந்த வருடம் கிடைத்த சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றிப் பேசுங்கள் ஐயா" என்று செயலாளர் தம்பி போன வாரம் கேட்டார். 37 வருடம் நான் தபால்காரனாக இருந்தேன். வேலை கிடைத்தது, கல்யாணம் நிச்சயமானது, துபாயிலிருந்து பணம் வந்தது என்று மற்றவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சுமந்துபோய்க் கொடுத்தே பழகியவன். எனக்கென்று வந்ததை எங்கே தேடுவது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு சொல் கிடைத்தது. கொசுறு.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு நான் அரைக் கிலோ சங்கரா கேட்டேன். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினார். நிறுத்தார். தராசு முள் நடுவில் வந்து நின்றது. கணக்கு முடிந்தது, காசு கைமாறியது. அதற்குப் பிறகு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பக்கத்துக் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெத்திலியை அள்ளிப் பையில் போட்டார். அந்தப் பிடியைத்தான் சொல்கிறேன். அது தராசில் ஏறவில்லை, விலையில் சேரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கொசுறு என்பது பிச்சை இல்லை. தள்ளுபடியும் இல்லை. பெரிய கடைகளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டாவதன் விலையும் முதலாவதிலேயே அடங்கியிருக்கிறது. கொசுறு அப்படிக் கணக்குப் போட்டு வருவதில்லை. கொடுக்கிறவர் கைக்கும் வாங்குகிறவர் பைக்கும் நடுவில் இருக்கும் பழக்கம் அது. காய்க்காரர் காசை வாங்கிய பிறகு இரண்டு கொத்து கறிவேப்பிலையைச் செருகுகிறாரே, அந்த நேரத்தில் அவர் வியாபாரி இல்லை, நமக்கு உறவுக்காரர். குளிரூட்டிய கடைகளில் அந்தக் கறிவேப்பிலைக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இதே அம்மாவிடம் ஜூன் மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால் இந்தத் தடை. நல்ல காரணம்தான். ஆனால் 61 நாள் என்பது கூடையைத் தூக்கிப் பிழைக்கிறவருக்கு மிக நீளமானது. சின்னப் படகுகளில் வரும் கொஞ்சம் மீனை அதிக விலைக்கு எடுத்து, விற்றும் விற்காமலும் ஓட்டினார். சில நாள் வெறும் கருவாடு. தடை முடிந்து படகுகள் திரும்பிய அன்று கூடை நிறைய மீனோடு வந்தார். பட்ட கடனை அன்றைக்கே அடைக்கப் பார்ப்பார் என்றுதான் நான் நினைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் முதல் வேலையாக ஒரு கை கொசுறு அள்ளிப் போட்டார். "இரண்டு மாதம் நீங்களும்தானே என்னோடு காத்துக்கொண்டிருந்தீர்கள்" என்றார். நாங்கள் காத்திருந்தது வாய்க்கு ருசியாக மீன் வேண்டும் என்று. அவர் காத்திருந்தது அடுப்பு எரிய வேண்டும் என்று. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணுகிற மனம் அவருக்கு இருந்தது.

அன்று நான் "நன்றி அம்மா" என்றேன். திடுக்கிட்டுப் போய், "என்ன அண்ணே, ஊரைவிட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

நாம் அந்தச் சொல்லை வீட்டிலும் தெருவிலும் அவ்வளவாகச் சொல்வதில்லை. மேடையில் சொல்வோம், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்போம். அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்தால் நன்றி சொல்லமாட்டோம், பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம், அவ்வளவுதான். ரமலானில் நோன்புக் கஞ்சியோடு எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வந்தது. ஆடிக்கூழோடு திரும்பிப் போனது. தீபாவளிக்கு அதிரசத்தோடு எதிர்வீட்டுக்குப் போனது. மூன்று நாளுக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கு அதற்குள்ளே கேக் துண்டுகள் இருந்தன. அது முதலில் யாருடைய தூக்குவாளி என்பதே இப்போது எங்கள் வரிசையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கோடையில் கடலும் நமக்குக் கொசுறு கொடுக்கிறது. கத்திரி வெயிலில் தரை சீக்கிரம் சூடேறிவிடுகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை. தரைமேல் இருக்கும் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாளில் இது தாமதமாகும். ஊரெல்லாம் அதற்காக ஏங்கிக்கொண்டிருக்கும். வரும்போது கரையோரம் இருக்கும் நமக்குத்தான் முதலில் வரும். வேலையில் இருந்த காலத்தில் என் பையில் தபால் தீரும் நேரமும் இந்தக் காற்று வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. இந்த மே மாதம் பை இல்லாமல், சும்மா திண்ணையில் உட்கார்ந்து அதை வாங்கினேன்.

பிறகு கேரம். எங்கள் சந்து விளக்குக்குக் கீழே ராத்திரி எட்டு மணிக்கு மேல் பலகை போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் கேரம் பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த பிறகு பெண்பிள்ளைகளும் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது. "தாத்தா, ஒரு கை ஆடுங்கள்" என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கூப்பிட்டாள். சிவப்புக் காயை நான் குழியில் தள்ளினேன், அதைத் தொடர்ந்து போட வேண்டிய காய் விளிம்பில் நின்றுவிட்டது. சிவப்பை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தாள். அதுதான் விதி, வயதானவர் என்று விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் சமமாக நிறுத்தி ஆடியதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். கொசுறுக்கு நன்றியோடு இருக்கலாம், இருக்க வேண்டும். நிறுத்துக் கொடுக்க வேண்டியதையே குறைத்துக் கொடுத்துவிட்டு, அதையும் கொசுறு என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. வடசென்னைக்காரர்களுக்கு இது ரொம்ப காலமாக நடக்கிறது. மழைநீர் வடிவதும், மூச்சுவிடும் காற்று சுத்தமாக இருப்பதும் கூடையில் ஒரு பிடி அள்ளிப் போடுகிற சமாச்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா நெடி தாங்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு ராத்திரி தூங்கினால், அதை யாரோ கொடுத்த வரம் என்று எண்ணச் சொல்கிறார்கள். அது நமக்குச் சேர வேண்டியது.

நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. பெரம்பூர் பக்கம் பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் வேலை செய்தவர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. அவரோடு நின்றார். அந்தத் தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, பகல் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. சோற்றைச் சவைத்து விழுங்க நேரம் கேட்டார்கள். அதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் குப்பை எடுக்க ஒரு அம்மா வருவார். விசில் ஊதுவார், எல்லோரும் வாளியோடு வெளியே வருவோம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். பழைய மில் தொழிலாளி. தறிச் சத்தத்திலேயே காது போனது. விசில் அவருக்குக் கேட்காது. இந்த அம்மா வண்டியை நிறுத்திவிட்டு அந்த வீட்டின் மூன்று படிகளையும் ஏறுவார். கதவோரம் இருக்கும் கூடையை எடுத்துக் கொட்டுவார், திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் வைப்பார். உள்ளே எட்டிப் பார்த்து, பெரியவர் கையை ஆட்டியதும் இறங்குவார். அந்த மூன்று படி அவர் வேலையில் சேர்ந்தது இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. ஜூலை முடியும் வரை, தினமும், அந்தக் கொசுறு எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் அவர் வரவில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13 நாள். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். இரண்டு முறை நான் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி வீட்டுத் தாத்தா கூடையை யார் எடுக்கிறார்கள்?"

யாரும் எடுக்கவில்லை. நான் உட்பட. அவர் கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அன்று சாயங்காலம் போய் எடுத்தேன், இப்போதும் எடுக்கிறேன்.

ஒருவர் நமக்குச் செய்ததை நினைத்து நெகிழ்ந்து கையைக் கூப்பிவிட்டு, அவர் கூலி குறையும்போது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அந்தக் கும்பிடுக்கு மரியாதை இல்லை. அவர் இன்னும் எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. தபாலில் ஒரு வழக்கம் உண்டு. உரியவர் அந்த முகவரியில் இல்லையென்றால், அப்படியே எழுதி அனுப்பியவருக்குத் திருப்பிவிடுவோம். அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை அப்படித் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கே யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், இன்று இந்தக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினோம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, சொந்த விஷயம். இந்த வருடம் செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். என் கையெல்லாம் பதிவுத் தபாலின் வாசனை. பிரிவதற்கு முன் நானும் ஒன்று அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. ஆகஸ்ட் 30 சனிக்கிழமை போய், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பினேன். ஏ.டி. கார்டு என்போமே, வாங்கியவர் கையெழுத்தோ கைரேகையோ வைத்து அனுப்பியவருக்குத் திரும்பி வருமே, அதுதான். பழவேற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு.

எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா இறால் உரிக்கப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். இறால் முள் கிழித்த விரல்களோடு என் பள்ளிக்கூடச் செலவை எண்ணிக் கொடுப்பார். அவர் ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போனதில்லை. நான் முதியோர் உதவித்தொகை மணியார்டர்களைக் கொண்டுபோய், எத்தனையோ பாட்டிகளின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அக்காவின் விரல்தான் ஞாபகம் வரும். ஆனாலும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. 66 வயதில் எழுதினேன். ஒரு பக்கம்தான்.

கடிதம் கிடைத்த அன்று போனில் திட்டினார். "ரிஜிஸ்டர் தபால் என்றதும் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டேனடா." பேத்தி படித்துக் காட்டினாளாம். அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ஏ.டி. கார்டு வந்தது. இதோ, சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கைரேகை இருக்க வேண்டிய இடத்தில் பாருங்கள். கையெழுத்து. 72 வயதில் பேத்தியிடம் கற்றுக்கொண்டிருக்கிறார், எனக்குச் சொல்லவே இல்லை. எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கின்றன. பெயரின் கடைசியில் வரும் ‘ள்’ எழுத்துக்கு வைத்த புள்ளி மட்டும் அட்டையைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கையில் வாங்கிப் பாருங்கள், விரலால் தடவினால் தட்டுப்படும். பார்த்துவிட்டு மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.