சலங்கை கழற்றிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பரதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஏப்ரல், மே வந்துவிட்டால் விடுமுறை முகாமும் நடத்துவேன். காலையில் ஆட்டம், மத்தியானம் பாட்டு, சாயங்காலம் வில்லுப்பாட்டு என்று பிள்ளைகள் நாள் முழுக்க எங்களிடம்தான் இருப்பார்கள். அவர்கள் எங்கள் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் பத்திரமாக இருக்கிறார்களா? இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். நல்ல மழை, கரண்டும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி சலங்கையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பைக்கில் ஒருவர் வந்தார். "டீச்சர், பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, நான் மாமா" என்றார். பிள்ளையும் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து நனைந்துகொண்டே அவளுடைய அம்மா வந்து, "பாப்பா எங்க டீச்சர்?" என்று கேட்டார்.

வந்தவர் உண்மையிலேயே மாமாதான். வீட்டில் ஆச்சி சொல்லித்தான் வந்திருக்கிறார். நாங்கள் போன் போட்டபோது பிள்ளை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஆனால் அந்தப் போனை எடுக்கும்வரை அந்தத் தாயின் முகம் இருந்த இருப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

மறுநாளே ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கூட்டிப்போக வரக்கூடியவர்கள் யார் யார் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டு எழுதித்தர வேண்டும். அந்தப் பக்கத்தில் பெயர் இல்லாதவர் வந்தால், வீட்டுக்குப் பேசாமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம். "நம்ம ஊர்ல என்ன டீச்சர் புதுசா?" என்று ஒரு அண்ணாச்சி வருத்தப்பட்டார். நம் ஊரில் காய்கறிக்காரர் அண்ணாச்சி, ஆட்டோக்காரர் மாமா, எதிர்வீட்டுக்காரர் சித்தப்பா. அது நம் ஊரின் பாசம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முறை சொல்லிக் கூப்பிட்டவர் எல்லோரையும் பிள்ளை சொந்தமென்றே நம்பிவிடும். அதனால்தான் நோட்டு வேண்டும்.

கலைப்பள்ளிக்கென்றே இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எங்கள் வேலை உடம்போடுதான். அரைமண்டி என்று சொல்லும் பாதி உட்கார்ந்த நிலையில் முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிய வேண்டும், முதுகு நேராக நிற்க வேண்டும். பிள்ளை கூன் போட்டால் நேராகக் கையை வைத்துத் திருத்துவதுதான் பழைய வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். இப்போது முதலில் வாயால் சொல்கிறேன். புரியாவிட்டால் நானே பக்கத்தில் அரைமண்டி போட்டு உட்கார்ந்து காட்டுகிறேன். அப்படியும் வராவிட்டால், "தோளைத் தொட்டுத் திருத்தட்டுமா?" என்று கேட்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டினால் தொடுவதில்லை. இப்படிக் கேட்பதால் ஓர் அடவுகூட, அதாவது ஆட்டத்தின் ஓர் அசைவுகூட, கெட்டுப்போகவில்லை.

குரு சொன்னால் மறுபேச்சு கூடாது என்றுதான் நாம் வளர்ந்தோம். பாட்டுக்கும் தாளத்துக்கும் அது சரி. ஆனால் 'தனியாக வா, யாரிடமும் சொல்லாதே' என்று குருவே சொன்னாலும் மறுபேச்சு பேச வேண்டும் என்பதை, நமஸ்காரம் சொல்லிக்கொடுக்கும் அன்றைக்கே சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரியவர் எவரும் பிள்ளையிடம் ரகசியம் வைத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. எங்கள் முகாமில் முதல் நாள் பாடமே இதுதான். பையன்களுக்கும் இதே பாடம். சிலம்பம் கற்க வரும் பையனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். சட்டமும் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் கோயில் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. ஆடியில் ஊர் ஊராகக் கொடை வரும். நிகழ்ச்சி தொடங்கவே இரவு பத்தாகிவிடும். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதையே உடைமாற்றும் இடம் என்பார்கள். நான் முன்கூட்டியே கேட்டுவிடுவேன்: கதவுள்ள அறை உண்டா, வெளிச்சம் உண்டா? இல்லையென்றால் வீட்டிலேயே உடுத்தி, மேக்கப் போட்டு வரச் சொல்லிவிடுவேன். உடைமாற்றும் அறைக்குள் செல்போன் கிடையாது, அது அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான். திரும்பும்போது வேனில் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை பெரியவர்கள் இரண்டு பேர் இருப்போம். பாபநாசம் பக்கம் போனால் பிள்ளைகள் ஆற்றில் குளிக்க ஆசைப்படுவார்கள். தாமிரபரணியில் எங்கே ஆழம், எங்கே சுழல் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. முகாமில் வரும் பிள்ளைகளை நான் ஆற்றில் இறக்குவதில்லை.

இனி, ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது? பெரும்பாலும் நேராகச் சொல்லாது. வகுப்புக்கு வரமாட்டேன் என்று அழும். ஒருவர் பெயரைச் சொன்னாலே பாத்ரூமுக்குள் போய்விடும். அப்போது குறுக்கே குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று ஒருநாளும் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கை நம்மால் காப்பாற்ற முடியாது.

ஏனென்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் அதன் கண்ணில் குழந்தைகள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று தோன்றினாலும், காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மூடி மறைத்தால் ஒரு வருடம் வரை. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிக்கிற விஷயமில்லை இது. 'மானம் போயிடும்' என்று வீட்டார் தயங்குவது எனக்குப் புரியாமல் இல்லை. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. சீருடை இல்லாத காவலர், முடிந்தவரை பெண் அதிகாரி, வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்கும் வராது.

யாரிடம் சொல்வது என்று குழம்பினால் 1098க்கு அழையுங்கள். இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், காசு கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 என்ற எண்ணும் இருக்கிறது. இந்த இரண்டையும் எங்கள் வகுப்பறையில் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். மேலே எழுதினால் பெரியவர்கள்தானே படிப்பார்கள்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும், மிருதங்க வாத்தியார் முதல் வேன் ஓட்டுநர் வரை, காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்கித்தர வேண்டும். அந்தத் தாளை மட்டும் நான் நம்புவதில்லை. வழக்குப் பதிவானால்தானே அதில் வரும்? அதனால் முன்பு வேலை பார்த்த இடத்துக்கும் பேசிவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளையை ஒரு வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். உடைமாற்றும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்து நீங்கள் வரும்வரை பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அதற்கு யாராவது முகம் சுளித்தால், பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள். வணக்கம்.