நூற்றெண்பது ரூபாய்ப் புத்தகமும் இரண்டு பென்சிலும்

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, மைக்கில் படபடவென்று கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே கரண்ட் இல்லை, இங்கே வெளிச்சமாவது இருக்கிறது. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப்போவதில்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. ஒரே ஒரு புத்தகம் வாங்கினேன், அதைப் பற்றித்தான் பேச்சு. பேச்சு எங்கெங்கோ போகும், அது உங்களுக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பாண்டிக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஜீன்ஸ் குவியல், பிளாஸ்டிக் வாளி, போன் கவர், இதற்கெல்லாம் நடுவில் தார்ப்பாயை விரித்துப் பழைய புத்தகம் போட்டிருந்தார் ஒருவர். பத்தாம் வகுப்பு கைடு, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள் வகை, செங்கல் கனத்தில் இங்கிலீஷ் துப்பறியும் நாவல். அடியில் கையை விட்டுத் துழாவினால் அட்டை இல்லாத ஒரு தடிப் புத்தகம். முதல் பக்கமும் இல்லை. இரண்டு வரி படித்ததும் தெரிந்துவிட்டது, ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு.

"அண்ணே, இது எவ்வளவு?"

"முந்நூறு குடு தம்பி."

"அட்டையே இல்லையேண்ணே!"

"உள்ள எழுத்து இருக்குதுல்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. நூற்றெண்பதுக்கு முடிந்தது.

ரங்கப்பிள்ளை வீதி எல்லோருக்கும் தெரியும். பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றும் வீதி. அந்தப் பெயர்க்காரர்தான் இவர். 1709இல் பிறந்தவர், வியாபாரி, பிறகு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரைக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்த்துப் பேசி வியாபாரத்தையும் பார்த்துக்கொள்கிறவர். 1736 செப்டம்பரில், அதாவது நள வருஷம் ஆவணி மாதம், எழுத ஆரம்பித்து 1761 ஜனவரியில் சாகும்வரை, நடுவில் சில இடைவெளிகள் உண்டு, ஆனால் எழுதிக்கொண்டேயிருந்தார். அவர் கண்ணை மூடிய சில நாளில் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டது. இந்த நாட்குறிப்பை 1904இலிருந்து 1928 வரைக்கும் 12 தொகுதிகளாக இங்கிலீஷில் போட்டிருக்கிறார்கள். என் கையில் இருப்பது தமிழ், 1748 சம்பவங்கள் வருகிற தொகுதி.

சரி, விஷயம் இதுதான், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதா? நீலப் பென்சிலில் கோடு. புரட்டப் புரட்ட வருகிறது. எங்கெங்கே போட்டிருக்கிறார் என்று பாருங்கள்: வராகன், துணிச் சிப்பம், கப்பல், வட்டி. ஓரத்தில் ஒரு கூட்டல் கணக்கு வேறு. இந்த மனிதர் யாரென்று தெரியாது, ஆனால் பணம் பேசும் இடத்தில் மட்டும்தான் பென்சிலை எடுத்திருக்கிறார். இப்போது இந்தப் பக்கம். இது வேறு கை, மெல்லிய கறுப்புப் பென்சில். இவர் கணக்கு எதையும் தொடவில்லை. வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த கதை வருகிறதே, 1748 செப்டம்பர், வெளியே இங்கிலீஷ்காரன் முற்றுகை, உள்ளே கோயில் இடிபடுகிறது, அங்கே பக்கம் முழுக்க ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பழைய கோயில் சம்பா கோயிலை, அதாவது மாதா தேவாலயத்தை, ஒட்டி இருந்தது. இப்போது ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் நாம் கும்பிடுவது பின்னால் கட்டியது. கவர்னருக்கு அத்தனை நெருக்கமாக இருந்த ரங்கப்பிள்ளையாலேயே தடுக்க முடியவில்லை. எழுதி வைக்கத்தான் முடிந்தது. எழுதிவிட்டு மறுபடியும் கப்பல், சரக்கு, யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று போய்க்கொண்டேயிருக்கிறார்.

புத்தகக் கடையில் கலை ஒரு அலமாரி, ஆன்மிகம் ஒரு அலமாரி, வரலாறு மூலையில், வணிகம் கல்லாவுக்குப் பக்கத்தில் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இந்த மனிதரை எந்த அலமாரியில் வைப்பது? நாவல், கதை பக்கம் போகாமல் இந்த மாதிரிப் புத்தகத்துக்கே அலைகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். எனக்குத் தெரிந்தவர்களைப் பார்த்து நான் கண்டது என்னவென்றால், எந்த அலமாரிக்கென்று கிளம்புகிறார்களோ அதில் நிற்பதில்லை, பக்கத்து அலமாரியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரியாங்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். கடை வைப்பது எப்படி, விற்பது எப்படி, அவ்வளவுதான் படிப்பார். வியாபாரம்தானே வேண்டும் என்று எரித்ரேயக் கடல் வழிநூலைக் கொடுத்தேன். பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி, முதல் நூற்றாண்டில், எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், எங்கே என்ன கிடைக்கும் என்று எழுதி வைத்தது. மேற்குக் கரைக்கு வந்ததும் மிளகு, முத்து என்று பட்டியல் போடுகிறவர், நம் பக்கம் வந்ததும் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகப் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பொதுகேதான் நம் அரிக்கமேடு என்று அறிஞர்கள் சொல்வது. அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "என்னா தம்பி, நம்ம ஊரை ஒரே வரியில முடிச்சுட்டான்!"

அந்தக் கோபத்திலேயே கடையை மச்சானிடம் விட்டுவிட்டு ஒரு மத்தியானம் என்னோடு அரிக்கமேட்டுக்கு வந்தார். அவர் கடையிலிருந்து ரொம்பத் தூரமில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து போனதில்லையாம். மாந்தோப்பு, ஆறு, நண்டு வளை, இடிந்த செங்கல் சுவர். போகிறவர்கள் எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ரோமானியச் சுவர் என்று போட்டோ எடுப்பார்கள், நானும் ஒரு காலத்தில் எடுத்திருக்கிறேன். அது 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவக் குருமடம் இருந்த கட்டடம். ரோமானிய காலத்தது எல்லாம் மண்ணுக்குள்ளே. 1945இல் வீலர் தோண்டினார், பிறகு கசால், 1989இலிருந்து 1992 வரை விமலா பெக்லி. வீலருக்கு அங்கே இத்தாலியில் செய்த செம்மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தில் செய்தது என்று ஏற்கெனவே ஐரோப்பாவில் தெரியும். அதனால் அதே மண் அடுக்கில் கிடந்த நம்மூர்ச் சட்டிக்கும் காலம் கிடைத்தது, அந்த மாதிரிச் சட்டி தென்னிந்தியாவில் வேறு எங்கே கிடைத்தாலும் அங்கேயும் காலம் சொல்ல ஒரு பிடி கிடைத்தது. இதை நான் வளைத்து வளைத்து விளக்கிக்கொண்டிருக்கிறேன், அண்ணன் நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "ஒரு பில்லுல தேதி இருந்தா, கூட வந்த சரக்குக்கெல்லாம் தேதி தெரிஞ்சுடும். அதானே?" அதேதான். மூன்று பக்கத்தில் படித்ததை ஒரு பில்லில் முடித்துவிட்டார்.

ஒரு நிமிஷம், காக்கா டிரைபாட் மேல் உட்காரப் பார்க்கிறது. ச்சூ. சரி.

அப்புறம் கலை. கலைப் புத்தகம் என்றாலே வழவழ தாளில் கலர் படம், விலை ஆயிரத்துக்கு மேல், வீட்டில் டீபாய் மேல் வைக்கிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை, பாதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ழூவோ துப்ரேய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், இங்கே பாண்டிச்சேரி கல்லூரியில் வாத்தியார், 1914இல் தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலை பற்றி எழுதினார். ராஜா யார், கட்டியது எப்போது என்று கல்வெட்டை மட்டும் நம்பாமல் சின்னச் சின்ன உறுப்பைப் பிடித்தார். அதில் ஒன்று போதிகை. தூணுக்கு மேலே, உத்திரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டுகிற மாதிரி ஒரு கல் இருக்கும், அதுதான். பல்லவர் காலத்தில் அது உருண்டு, சுருட்டிய பாய்களை அடுக்கின மாதிரி அலை அலையாக இருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு துருத்தல். விஜயநகரக் காலத்துக்கு வந்தால் நுனியில் பூமொட்டு தலைகீழாகத் தொங்கும். இந்த மூன்றை மட்டும் தெரிந்துகொண்டு கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், அப்புறம் சாமி கும்பிட நேரம் கிடைக்காது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர். சாரோடு பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போனேன், கடலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது, சோழர் காலத்துக் கோயில். மூலக்கோயில் சுவரில் அந்தப் பூமொட்டைத் தேடு, தேடு என்று கழுத்து வலிக்கத் தேட வைத்தார். இல்லை. "இல்லன்னா என்ன அர்த்தம்?" என்றார், பரீட்சை ஹாலில் கேட்கிற மாதிரி. அதே பாகூருக்கு ஒரு செப்பேடு இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு, நிருபதுங்க பல்லவன் காலம், அங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமம் கொடுத்த செய்தி. அந்தச் சாலையில் பஸ்ஸில் நூறு தடவை போயிருப்பேன், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே.

கடலூர் என்றதும் மாமா ஞாபகம் வருகிறது. என் அக்கா வீட்டுக்காரர், திருப்பாதிரிப்புலியூரில் வீடு. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகாத பிரதோஷம் கிடையாது. அப்பர் சமணத்தில் இருந்தது, சூலை நோய் வந்து திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் திரும்பியது, கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கரையேறியது, எல்லாம் மனப்பாடம். அவருக்குச் சமணம் என்றால் அந்தக் கதையில் வருகிற எதிர்க்கட்சி, அவ்வளவுதான். தமிழகத்துச் சமணம் பற்றி ஒரு புத்தகம் படிக்கக் கொடுத்தேன். அதில் லோகவிபாகம் என்ற சமண நூல் பற்றி வருகிறது: உலகத்தின் அமைப்பு, அளவு எல்லாம் பேசுகிற நூல், சகம் 380, அதாவது கி.பி. 458இல், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்டபோது பாடலிகாவில் எழுதி முடித்தது. அந்தப் பாடலிகாதான் மாமா தினமும் காய் வாங்குகிற ஊர். எண்களை இடமதிப்போடு, சூன்யத்தையும் சேர்த்துச் சொல்கிற மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. மூலநூல் போய்விட்டது, பின்னால் வந்த சமஸ்கிருத வடிவம்தான் மிஞ்சியிருக்கிறது. மாமா ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தார். "டேய், சைபரை நம்ம ஊர்ல உக்காந்து எழுதியிருக்கானுவோடா!" பக்தி ஒரு துளி குறையவில்லை, பிரதோஷத்துக்கு இன்னமும் போகிறார். புத்தகம் மட்டும் திரும்பி வரவில்லை. மாமா, பார்த்துக்கொண்டிருந்தால், எட்டு மாதம் ஆகிறது.

எனக்குச் சொந்தமாகக் கிறுக்குப் பிடித்தது துணியில். எங்கள் தாத்தா மில் தொழிலாளி. சங்கு ஊதினால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார் என்று ஆயா சொல்லும். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்களைச் சவானா மில்லில் சுட்டார்களே, பன்னிரண்டு பேர் செத்தார்கள், அந்தக் கதை கேட்டு வளர்ந்த பையன் நான். அதனால் மில், சங்கம், போராட்டம் என்றுதான் படிக்கத் தொடங்கினேன். பாண்டிச்சேரித் துணி பற்றி நன்றாக இருக்கும் என்று ஒரு புத்தகத்தை ஆன்லைனில் வரவழைத்தால் நடுவில் ஒரு பாரம், பதினாறு பக்கம், அப்படியே வெள்ளை. திருப்பி எடுக்கச் சொல்லி நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் அதுவே பதினாறு பக்கம் வரும், வேலைக்கு ஆகவில்லை. ஆனால் அச்சாகியிருந்த மிச்சத்தில் ஒரு சேதி இருந்தது. பாண்டிச்சேரியில் அவுரி போட்டுச் சாயம் ஏற்றிய நீலத் துணி, பிரெஞ்சில் கினே என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி செனகலுக்குப் போனது. அதைக் கொடுத்துவிட்டு அங்கே வேலமரப் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய் அங்கே துணியில் சாயம் அச்சடிக்கப் பயன்பட்டது. துணி கொடுத்து, பிசின் வாங்கி, அதை வைத்து இன்னொரு துணி! அதற்கு முந்தின நூற்றாண்டில் அடிமை வியாபாரத்திலும் இந்தியத் துணிதான் பணம் மாதிரிப் புழங்கியிருக்கிறது, அதைப் படித்த அன்றைக்கு மேற்கொண்டு புரட்டக் கை வரவில்லை. செனகல் ஆற்றங்கரையில் வாங்குகிறவர்கள் துணியை முகர்ந்து பார்ப்பார்களாம். ஐரோப்பாவில் செய்த போலியா, பாண்டிச்சேரிச் சரக்கா என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை ஆயாவிடம் சொன்னேன். ஆப்பிரிக்கா எல்லாம் ஆயாவுக்கு முக்கியமாகப் படவில்லை. "சாயத்து நாத்தம் தாண்டா, துவைச்சாலும் போவாது" என்று ஒரே வார்த்தை.

சரி, வெளிச்சம் குறைகிறது, நூற்றெண்பது ரூபாய்க்கு வருகிறேன். நீலப் பென்சில்காரர் வியாபாரத்துக்கென்று படித்தவர், கறுப்புப் பென்சில்காரர் கோயிலுக்கென்று படித்தவர் என்றுதான் நானும் முடிவு கட்டியிருந்தேன். நேற்று ராத்திரி கடைசிப் பக்கங்களைப் பார்த்தால், இதோ, காட்டுகிறேன், கோயில் இடிபட்ட பகுதிக்கு அப்புறம் நீலம் காணாமல் போகிறது. பதினோரு பக்கம் ஒரு கோடு இல்லை, பணக் கணக்கு வருகிற இடத்தில்கூட இல்லை. அப்புறம் சரக்கு விஷயம் ஒன்று வருகிறது, அங்கே கோடு இருக்கிறது, ஆனால் கறுப்பு. அதோடு தாள் தீர்ந்தது. பின் அட்டையும் இல்லை, மிச்சப் பக்கமும் இல்லை, தையல் நூல்தான் தொங்குகிறது.

சண்டே மார்க்கெட்டில் புத்தகம் விற்ற அண்ணனிடம் போனில் கேட்டேன், மூட்டையில் கிடந்தாலும் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை வா என்கிறார். கரண்ட் வந்துவிட்டது போல, கீழே மிக்ஸி ஓடுகிறது. பேட்டரி நாலு சதவீதம். போய்...