மாதம் தவறாமல் வருகிற வட்டி யாருடைய பணம்?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வூதியர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம்.

"ஆறு மாசமா வட்டி கரெக்டா வருதுங்க. அப்புறம் எப்படி ஏமாத்து வேலைன்னு சொல்றீங்க?" நிதி நிறுவன மோசடி பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். வட்டி வருவதை யாரும் மறுக்கவில்லை. எங்கிருந்து வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லட்ச ரூபாய்க்கு மாதம் பத்தாயிரம் என்கிறார்கள். 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் ஒரு கோடி. ஏஜென்ட் கமிஷன் 5 லட்சம் போக மீதி 95 லட்சம். எந்தத் தொழிலும் செய்யாமல், புதிதாக ஒரு ஆள்கூடச் சேராமல், மாதம் 10 லட்சம் வீதம் ஒன்பது மாதம் கொடுக்கலாம். அதுவரை உங்கள் கைக்கு வந்தது 90 ஆயிரம். அதுவும் நீங்கள் போட்ட பணம்தான். இதற்குள் ஆறாவது மாதத்தில் நம்பிக்கை முற்றி, நகையை அடகு வைத்து இன்னும் மூன்று லட்சம் போட்டிருப்பீர்கள். அவர்கள் காத்திருந்தது அந்த மூன்று லட்சத்துக்கு. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்று வசூலித்ததும் இதே வழியில்தான். நெய்வேலியில் பணி ஓய்வு பெற்று, பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் மொத்தமாகக் கைக்கு வருகிறவர்களைத் தேடி ஏஜென்ட் வருவது தற்செயல் இல்லை.

"கம்பெனி பதிவு இருக்கு, ஜிஎஸ்டி இருக்கு" என்று சான்றிதழை நீட்டுவார்கள். கம்பெனி தொடங்கியதற்கு அது சாட்சி; மக்களிடம் டெபாசிட் வாங்க அது அனுமதி ஆகாது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களிலும் சிலவற்றுக்கே அந்த அனுமதி உண்டு. அவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. ஆண்டுக்கு! மாதம் பத்து என்கிறவர் எந்தச் சட்டத்தில் தருகிறார்?

சீட்டு வேறு. 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி நடத்துகிறவர், ஏலச்சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை முன்கூட்டியே ஈடாகக் காட்ட வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு, பதிவுத்துறை அலுவலகத்தில் சரிபாருங்கள். தெருவில் பிடிக்கிற தீபாவளிச் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இப்போது அதிகம் பேர் விழுவது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில். முதலில் ஐயாயிரம் போடச் சொல்லி, இரண்டு நாளில் ஆறாயிரமாக உண்மையாகவே எடுக்க விடுவார்கள். பிறகு ஆப்பில் லட்சக்கணக்கில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். பங்கு விற்ற லாபத்துக்கான வரியை வருமான வரித்துறைக்குத்தான் கட்டுவோம். பணத்தை எடுப்பதற்காக எந்தப் புரோக்கரிடமும் கட்டுவதில்லை. இரண்டு இடத்தில் பிடித்துவிடலாம். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆள் பெயரில் இருக்கும். நம் பங்குகளை மின்னணுக் கணக்கில் (டிமேட்) வைத்திருக்கும் காப்பகங்கள் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல். வாங்கியதாகச் சொல்லும் பங்கு, அவை அனுப்பும் டிமேட் அறிக்கையில் இருக்காது. மோசடிக்காரர்களுடைய ஆப்பில் மட்டும் இருந்தால் அது வெறும் எண்.

அப்படிப் பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்பது வேலைக்காகாது.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அலுவலகம் கன்னியக்கோவில் பக்கம், அதாவது புதுச்சேரி எல்லைக்குள், வசூல் கடலூரில். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், புதுச்சேரிக்குத் தனிச் சட்டம். "எங்க எல்லை இல்லை" என்று போலீசார் அலைக்கழித்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அதை உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

நிறுவனம் தடுமாறத் தொடங்கியதும் ஏஜென்ட் வீட்டுக்கு வருவார், பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். "பழைய டெபாசிட் பத்திரத்தைக் கொடுங்க சித்தி, புதுசு மாத்தித் தர்றேன்" என்பார். ஒரிஜினலைத் தரவே தராதீர்கள். நிறுவனத்தின் சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பங்கு பிரிக்கும்போது, நீங்கள் பணம் போட்டதற்கு அந்தப் பத்திரமும் வங்கிப் பாஸ்புக்கும்தான் ஆதாரம். ஜெராக்ஸ் எடுத்து வேண்டுமானால் கொடுங்கள்.