ஒசாகாவின் தரை

அவைத் தலைவர் அவர்களே, இந்த மாலைப் பொழுதில் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே,

ஜப்பானுக்குப் போய்த் திரும்பியவர்கள் பெரும்பாலும் தாம் அண்ணாந்து பார்த்தவற்றையே சொல்வார்கள். கோபுரங்களையும், இரவைப் பகலாக்கும் விளம்பரப் பலகைகளையும், எட்டு அடுக்குக் கோட்டையையும் நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் ஒசாகா நகரில் நான் தங்கிய ஒன்பது நாள்களில் முதல் இரண்டு நாள்களும் தலை குனிந்தே நடந்தேன். பலகைகளில் ஆங்கிலமும் இருந்தது. ஆயினும் காலை நேரக் கூட்டம் நகரும் வேகத்தில் நின்று நிமிர்ந்து படிக்க வாய்க்கவில்லை. எனக்கு வழி சொன்னது அந்த ஊரின் தரை. அந்தத் தரையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நகரின் வடபகுதியிலுள்ள உமேதாவில் இறங்கினேன். பல இரயில் நிறுவனங்களின் நிலையங்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன. அவற்றை இணைத்துக்கொண்டு, தெருக்களுக்கு அடியில் இன்னொரு ஊரே கடைகளும் உணவகங்களுமாகப் பரந்து கிடக்கிறது. உள்ளூர்க்காரர்களே வழி தவறும் இடம் அது. இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. சதுப்பாகக் கிடந்த நிலத்தை மண் கொட்டித் தூர்த்து வயலாக்கியதால் ‘தூர்த்த வயல்’ என்று பொருள்படும் எழுத்துகளால் முதலில் அதை எழுதினார்களாம். பின்னர் ஒலியை மாற்றாமல், ‘பிளம் மரத்து வயல்’ என்று பொருள் தரும் எழுத்துகளைச் சூட்டிவிட்டார்கள். நான் கால் வைத்த முதல் தரையே மனிதர்கள் உண்டாக்கிய தரை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நிலத்தடி ஊரில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் காலடியில் ஓடிய மஞ்சள் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது என்னை ஒரு படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. பார்வையற்றோருக்காகப் பதிக்கப்பட்ட கற்கள் அவை. நம் சென்னை மெட்ரோ நிலையங்களிலும் இதே மஞ்சள் கற்களை நாம் நாள்தோறும் மிதித்துக் கடக்கிறோம். அவற்றின் மொழியை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நீளக் கோடுகள் புடைத்திருந்தால் ‘இப்படியே நட’ என்று பொருள். வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் ‘நில், முன்னே படி இருக்கிறது, அல்லது பாதை திரும்புகிறது’ என்று பொருள். நான் கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து பார்த்தேன். செருப்பின் தோலையும் தாண்டி அந்தக் கோடுகள் உள்ளங்காலில் உறைத்தன. புள்ளிகள் வந்த இடத்தில் கால் தானாகவே நின்றது.

இந்தக் கல்லைக் கண்டுபிடித்தவர் ஒக்கயாமா நகரைச் சேர்ந்த மியாகே செய்இச்சி என்பவர். 1965ஆம் ஆண்டில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அதை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று அவ்வூரின் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த சாலைக் கடப்பில் முதன்முதலாக அவை பதிக்கப்பட்டன. ஜப்பானிய இரயில் நடைமேடைகளில் அவை முதலில் இடம் பெற்றது ஒசாகாவின் தென்பகுதியிலுள்ள அபிகோச்சோ என்ற சிறு நிலையத்தில், 1970ஆம் ஆண்டில். அதன் அருகிலும் ஒரு பார்வையற்றோர் பள்ளி இருந்தது.

நடைமேடையின் விளிம்பில் குனிந்து பார்த்தபோது இன்னொன்றையும் கண்டேன். புள்ளிக் கற்களின் உட்புறத்தில், அதாவது தண்டவாளத்துக்கு எதிர்ப்புறத்தில், ஒற்றைக் கோடு ஒன்று புடைத்து ஓடுகிறது. புள்ளிகள் மட்டும் இருந்தால் விளிம்பு அருகில் இருக்கிறது என்று தெரியுமே தவிர, எந்தப் பக்கம் விளிம்பு என்று தெரியாது. திசை தடுமாறி நிற்பவர் ஒரு காலடி தவறாக வைத்தால் தண்டவாளத்தில் விழுவார். எந்தப் பக்கம் பாதுகாப்பு என்பதைச் சொல்லத்தான் அந்த ஒரு கோடு. என்னை அந்த நகரத்தில் வெகு நேரம் நிற்க வைத்தது அந்தக் கோடுதான். கண் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்று எப்படித் திகைப்பார் என்பதை யாரோ ஒருவர் முழுவதுமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அதே நடைமேடையில் முக்கோணங்களும் வட்டங்களும் எண்களும் தீட்டியிருக்கின்றன. வரப்போகும் வண்டிக்குரிய குறியைப் பலகை காட்ட, மக்கள் அந்தக் குறியின் முன் வரிசையில் நிற்கிறார்கள், கதவும் அங்கேயே வந்து திறக்கிறது. பெண்களுக்கான பெட்டிக்கு இளஞ்சிவப்புக் குறி. நகரும் படிக்கட்டில் தோக்கியோவில் இடப்புறம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்புறம் நிற்பார்கள். ஏறி நடப்பவருக்கு மற்றப் பக்கத்தை விட்டுவிடுவது வழக்கம். இப்போது இரு பக்கமும் நின்றே பயணம் செய்யுங்கள் என்று நிலையங்களில் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஏனெனில் ஒரு கை வலுவிழந்தவர் தமக்கு வசதியான பக்கத்தைப் பிடித்து நிற்க வேண்டாமா?

உமேதாவிலிருந்து தெற்கே நம்பா வரை ஓடும் மிதோசுஜி சாலையை மூன்றாம் நாள் முழுவதும் நடந்தே கடந்தேன். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம், நாற்பத்து நான்கு மீட்டர் அகலம், இரு மருங்கிலும் கிங்கோ மரங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆறு மீட்டர் அளவே உள்ள குறுகிய தெரு. செகி ஹஜிமெ என்ற நகரத் தந்தை அதை விரிக்கத் துணிந்தபோது, ஊர் நடுவில் விமான நிலையமா கட்டப் போகிறீர்கள் என்று மக்கள் கேட்டதாக இன்றும் சொல்கிறார்கள். அவர் சாலையோடு நிற்கவில்லை. அதன் அடியிலேயே சுரங்க இரயிலையும் அமைத்தார். 1933இல் அந்த இரயில் ஒற்றைப் பெட்டியோடு ஓடத் தொடங்கியது. நடைமேடைகளையோ, பின்னாளில் வரப்போகும் நீண்ட வண்டிகளை எண்ணி, அன்றே நீளமாகக் கட்டிவிட்டார்கள். நெரிசல் மிக்க காலை நேரத்தில் இன்று அங்கே நிற்பவர் எவரும் அந்த நீளத்தை வீண் என்று சொல்ல மாட்டார். 1937இல் சாலை முழுமை பெற்றது. அதைக் காண செகி உயிரோடு இல்லை, 1935லேயே காலமாகியிருந்தார். தோதொன்போரிக் கால்வாயின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1612இல் அதை வெட்டத் தொடங்கிய வணிகர் தோதொன் போரில் மாண்டார்; 1615இல் உற்றார் அதை முடித்து அவர் பெயரை வைத்தார்கள். இன்று விளம்பர ஒளியின் முன் அங்கே படம் எடுத்துக்கொள்ளும் பெருங்கூட்டம் நிற்பது அவர் வெட்டிய கரையில்தான்.

தரையை விட்டுச் சற்றே நிமிர்ந்த இடங்களும் உண்டு. தென்ஜின்பாஷிசுஜி என்ற கூரையிட்ட கடைத்தெரு 2.6 கிலோமீட்டர் நீளமுள்ளது. அங்கே ஒரு கடையில் தகோயாகி சுடுவதைப் பார்த்து நின்றேன். நம் குழிப்பணியாரச் சட்டியேதான், இன்னும் பெரியது. கோதுமை மாவைக் குழி நிரம்பி வழிய ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ் இறைச்சியைப் போட்டு, வழிந்த மாவை ஊசியால் உள்ளே மடக்கி மடக்கி உருட்டுகிறார்கள். பொட்டலத்தைக் கையில் தந்து ‘ஓகினி’ என்றார் கடைக்காரர். பாடநூலில் நான் படித்துப் போன நன்றிச் சொல் வேறு. ஒசாகாவின் பேச்சு வழக்கில் இதுதான் நன்றி.

வட்டப்பாதை இரயிலில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, நான் இருமியதைக் கேட்டுக் கைப்பையைத் திறந்து காகிதம் சுற்றிய மிட்டாய் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். முன்பின் தெரியாதவருக்கு மிட்டாய் தருவது ஒசாகாப் பெண்மணிகளின் வழக்கம் என்று விடுதியில் சொன்னார்கள். அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புறப்படும் நாள் காலையில் அபிகோச்சோவுக்குப் போனேன். இருப்புப் பாதையை உயர்த்திக் கட்டிவிட்டதால் 1970இல் பதித்த கற்களை அங்கே தேட முடியாது. படியேறி நடைமேடைக்கு வந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். வெள்ளைக் கோல் ஏந்திய ஓர் இளைஞர் என்னைக் கடந்து சென்றார். புதிய மஞ்சள் கற்களில் கோல் தட்டும் ஒலி சீராகக் கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே கதவு திறந்தது, ஏறிக்கொண்டார்.