சாரநாத்தில் ஒரு செங்கல் மேடு

வணக்கம் நண்பர்களே. சாரநாத்தில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது சௌகண்டி ஸ்தூபி. உச்சியில் இருக்கும் எண்கோணக் கோபுரம் அக்பர் காலத்தில், 1588-இல் கட்டியது. நான் காட்ட வந்தது அதற்குக் கீழே உள்ள பழைய செங்கல் மேட்டை. புத்தர் முதன்முதலில் உபதேசம் செய்த இடம் என்று எல்லோரும் தமேக் ஸ்தூபிக்குப் போவார்கள். ஆனால் உபதேசம் கேட்க ஆள் வேண்டுமே? அந்த ஐந்து பேரை அவர் சந்தித்த இடம் இதுதான் என்பது மரபு.

ஐவரும் அவருக்குப் பழக்கமானவர்கள்தான். 29 வயதில் வீட்டைவிட்டு வந்த சித்தார்த்தர் உடலை வாட்டித் தவம் செய்தபோது கூடவே இருந்தவர்கள். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும், அப்படி மெலிந்துபோனார். இதில் பயனில்லை என்று தெரிந்ததும் சோறு சாப்பிட்டார். அவ்வளவுதான், சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டான் என்று ஐவரும் விட்டுப் போய்விட்டார்கள்.

35 வயதில் போத்கயாவில் ஞானம் கிடைத்த பிறகு, தன்னை விட்டுப்போன இவர்களைத் தேடித்தான் 200 கிலோமீட்டருக்கு மேல் வந்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தூரத்தில் பார்த்ததுமே, 'எழுந்திருக்கக் கூடாது, வணங்கக் கூடாது' என்று ஐவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். கிட்டே வந்ததும் முடியவில்லை. ஒருவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார், ஒருவர் இருக்கை போட்டார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் வைத்தார்.

சரி, என்ன சொன்னார்? உலகம் எப்படித் தோன்றியது என்று ஆரம்பிக்கவில்லை. இன்பத்தில் மூழ்கவும் வேண்டாம், உடலை வதைக்கவும் வேண்டாம், நடுவழியில் போங்கள் என்றார். இரண்டையும் வாழ்ந்து பார்த்தவர் சொன்னது. அப்புறம் துக்கம். மூப்பும் சாவும் மட்டுமல்ல, பிடிக்காதவரோடு இருக்க நேர்வதும், பிடித்தவரைப் பிரிவதும், கேட்டது கிடைக்காததும் துக்கம்தான். அதற்குக் காரணம் தண்ஹா. பள்ளியில் 'ஆசை' என்று படித்தோம். ஆனால் அந்தப் பாலிச் சொல்லுக்குத் தாகம் என்று பொருள். நல்லது செய்ய நினைப்பதும் ஆசைதானே, அதை அவர் குறை சொல்லவில்லை. குடித்தாலும் அடங்காமல் மறுபடி மறுபடி எடுக்கிறதே, அதைத்தான் சொன்னார். அது தீரும் என்றார். தீர்வதற்குப் பார்வை, பேச்சு, பிழைப்பு, மனம் எல்லாவற்றையும் நேராக்கும் எட்டு அங்கங்கள் கொண்ட வழியையும் சொன்னார்.

முதலில் புரிந்துகொண்டவர் கொண்டஞ்ஞர். மற்ற நால்வருக்குச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் மூன்று பேர் பிச்சைக்குப் போனால் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். இரண்டு பேர் போனால் மூன்று பேர் கேட்பார்கள். போனவர்கள் கொண்டுவந்த சோற்றை ஆறு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.