கொடி போர்த்திய ஓவியம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசைகளில் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழம்பொருள்களையும் ஓவியங்களையும் சுற்றி உலவும் அமானுஷ்யக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்தக் கதைகளைச் சிறுவயதிலிருந்தே ஆசையோடு படித்து வருபவன் நான். படிக்கப் படிக்க எனக்குள் ஓர் எண்ணம் வலுப்பெற்று வந்திருக்கிறது. ஒரு பொருளின் பின்னால் மனிதர்களால் நேர்கொண்டு பார்க்க முடியாத உண்மை ஒன்று இருக்கும்போது, அதன்மேல் பேய்க்கதை ஒன்றைத் திரைபோல இழுத்து விட்டுவிடுகிறோம் என்பதே அந்த எண்ணம். இன்று பெரும்பகுதி நேரத்தை ஒரே ஓர் ஓவியத்துக்கே செலவிடப் போகிறேன். அதற்கு முன்னுரையாக இரண்டு கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இங்கிலாந்தின் ‘அழும் சிறுவன்’ படம். கன்னத்தில் கண்ணீர் வழிய நம்மை நோக்கும் ஒரு குழந்தையின் முகம் அது. புருனோ அமாடியோ என்ற இத்தாலிய ஓவியர், ஜோவான்னி பிராகோலின் என்ற புனைபெயரில் இவ்வாறான படங்களை வரைந்து குவித்தார். அவற்றின் அச்சுப் பிரதிகள் பிரிட்டனின் கடைகளில் பல்லாயிரக் கணக்கில் விற்பனையாயின. 1985 செப்டம்பரில் ‘தி சன்’ நாளேடு ஒரு செய்தி வெளியிட்டது. ராதரம் நகரில் ஒரு வீடு தீக்கிரையாகி எல்லாம் சாம்பலான பிறகும் சுவரில் இருந்த அழும் சிறுவன் மட்டும் கருகாமல் தப்பினான் என்றும், இதேபோல் பல வீடுகளில் நடந்திருக்கிறது என்றும் அந்தச் செய்தி சொன்னது. நாடே கலங்கியது. படத்தை வைத்திருக்கவும் அச்சம், எறியவும் அச்சம். படங்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்று நாளேடு அழைத்தது. வந்து குவிந்தவற்றை மொத்தமாகக் கொளுத்தினார்கள். உண்மையில் அந்தப் படங்கள் எளிதில் தீப்பற்றாத, இறுக்கி அழுத்திய அட்டைப்பலகையில் அச்சிடப்பட்டவை. மேலே பூசிய மெருகெண்ணெயும் தீயைத் தாங்கியது. சுவரில் மாட்டியிருந்த கயிறு முதலில் எரிந்து அறுபட, படம் முகங்குப்புறத் தரையில் விழுந்துவிடும். அதனால் முகம் தப்பிவிடும். அந்த வீடுகள் எரிந்ததற்கான காரணங்கள் அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டி, அணைக்காமல் போட்ட சிகரெட் போன்ற அன்றாடக் கவனக்குறைவுகள். அவற்றைப் பேசுவதைவிடப் படத்தின்மேல் பழியைப் போடுவது எளிதாக இருந்தது.

இரண்டாவது, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘துரதிருஷ்ட மம்மி’. பெயர்தான் மம்மி, அங்கே உடல் எதுவும் இல்லை. சவப்பெட்டிக்குள் உடலின்மேல் போர்த்தி வைக்கும், பெண்ணுருவம் தீட்டிய மரப்பலகை அது. பண்டைய எகிப்தின் தீப்ஸ் நகரத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.மு. 950-ஐ ஒட்டியது, 1889-இல் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. அதைத் தொட்டவர்கள் மாண்டார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கதையைச் சுவைபடச் சொல்லிவந்த பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட் 1912-இல் டைட்டானிக்கில் மூழ்கி இறந்ததும், பலகையே அந்தக் கப்பலில் இருந்தது என்று கதை வளர்ந்துவிட்டது. அந்தப் பலகை டைட்டானிக்கில் ஏறவே இல்லை. சாபத்தைப் பற்றி இத்தனை பேர் எழுதினார்கள். ஒரு பெண்ணின் கல்லறைக்குள் கைவைத்து, அவள்மேல் போர்த்தியிருந்ததை எடுத்து வந்தோமே என்று வருந்தி எழுதியவர்கள் எத்தனை பேர்? அவள் பெயரைக்கூட அந்தப் பலகை நமக்குச் சொல்லவில்லை. பெயர் தெரியாத அவள்மேல்தான் கொலைப்பழியும் சுமத்தப்பட்டது. எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது.

இனி நான் சொல்ல வந்த ஓவியத்துக்கு வருகிறேன்.

லண்டனுக்கு மேற்கே எகம் என்ற ஊரில் ராயல் ஹாலோவே கல்லூரி இருக்கிறது. மாத்திரையும் களிம்பும் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த தாமஸ் ஹாலோவே, பெண்களின் உயர்கல்விக்காக எழுப்பிய கல்லூரி அது. 1886-இல் விக்டோரியா அரசியார் அதைத் திறந்து வைத்தார். கல்லூரியின் ஓவியக் கூடத்துக்காக ஹாலோவே விலைகொடுத்து வாங்கிய ஓவியங்களில் ஒன்று, மூன்றடி உயரமும் எட்டடி நீளமும் கொண்டது. 1881-இல் அதற்கு 6,615 பவுண்டு கொடுத்தார். வரைந்தவர் சர் எட்வின் லாண்ட்சீர். நாய்களையும் மான்களையும் உயிரோட்டத்தோடு வரைந்து அரசியின் அன்பைப் பெற்றவர். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இன்றும் படுத்திருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களை வடித்தவர்.

ஓவியத்தின் தலைப்பை நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. ‘நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் தலைப்பு.

சற்று அருகில் சென்று பார்ப்போம். நீலமும் சாம்பலும் கலந்த பனி வெளி. பனிப்பாளங்களுக்கு இடையே முறிந்த பாய்மரம் ஒன்று கிடக்கிறது. இரண்டு பனிக்கரடிகள். ஒன்று, கப்பலின் கிழிந்த சிவப்புக் கொடியைப் பல்லால் பற்றி இழுக்கிறது. மற்றொன்று தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, எதையோ ருசித்து மெல்லுகிறது. அதன் வாயில் இருப்பது மனித விலா எலும்பு. தரையில் ஒரு தொலைநோக்கி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் கரடியின் முகத்தில் வெறி இல்லை. பசி ஆறுகிற நிம்மதிதான் இருக்கிறது. என்னை உலுக்கியது அந்த நிம்மதிதான்.

இந்த ஓவியம் தொங்கும் கூடத்தில்தான் மாணவர்கள் நெடுங்காலமாகத் தேர்வு எழுதி வருகிறார்கள். அதன் எதிரே அமர்ந்து தேர்வு எழுதுபவர் தோற்றுப்போவார் என்று ஒரு நம்பிக்கை வளர்ந்தது. முன்னொரு காலத்தில் ஒரு மாணவி அந்தக் கரடியின் கண்ணையே உற்றுப் பார்த்துச் சித்தம் கலங்கி, ‘கரடிகள்தான் செய்யச் சொல்லின’ என்று விடைத்தாளில் எழுதிவிட்டு, பென்சிலைத் தன் கண்ணில் குத்திக்கொண்டு உயிர்விட்டாள் என்று கதையும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு மரணம் நிகழ்ந்ததாகக் கல்லூரிப் பதிவேடுகளில் எங்கும் இல்லை. ஆனால் 1970-களில் மாணவர் ஒருவர் அந்த ஓவியத்தின் அருகில் அமர்ந்து தேர்வு எழுத மறுத்ததும், எட்டடி ஓவியத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய துணி எங்கே கிடைக்கும் என்று தேடிய பொறுப்பாளர் பிரிட்டிஷ் தேசியக் கொடி ஒன்றை எடுத்து வந்து போர்த்தியதும் அந்தக் கல்லூரியே சொல்லும் வரலாறு. அன்றிலிருந்து தேர்வுக் காலம் வந்தால் ஓவியத்துக்குக் கொடி போர்த்துவது மரபாகிவிட்டது.

அன்பர்களே, அந்தக் கரடி வாயில் இருக்கும் எலும்பு யாருடையது?

1845 மே மாதம், சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. கனடாவுக்கு வடக்கே உறைகடலின் ஊடாக ஆசியாவுக்கு வழி காண்பது நோக்கம். அன்றைய பிரிட்டிஷ் கடற்படையின் மிகச் சிறந்த ஏற்பாடுகள் அந்தக் கப்பல்களில் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கான உணவும் இருந்தது. ஜூலை இறுதியில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் கண்டதோடு சரி. உறைகடலுக்குள் நுழைந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் சீமாட்டி ஓய்ந்துவிடவில்லை. அரசை நச்சரித்தும், தம் சொந்தச் செலவிலும், தேடுதல் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

1854-இல் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் ஜான் ரே என்னும் மருத்துவர், ஆர்க்னித் தீவுக்காரர், ஹட்சன் விரிகுடா நிறுவனத்தில் பணியாற்றி, பனிவெளியில் நடக்கவும் வேட்டையாடவும் அந்த மண்ணின் மக்களான இனுவிட்களிடமே கற்றுக்கொண்டவர். இனுவிட்கள் அவரிடம் சொன்னார்கள்: சுமார் நாற்பது வெள்ளையர்கள் ஒரு படகை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கித் தள்ளாடிச் சென்றதை எங்கள் மக்களில் சிலர் கண்டார்கள், பிறகு அவர்களின் பிணங்களைக் கண்டார்கள், உடல்கள் இருந்த நிலையையும் பாத்திரங்களில் கிடந்ததையும் பார்த்தால், அவர்கள் உயிர் பிழைக்க இறந்தவர்களின் சதையைத் தின்றிருக்கிறார்கள். சான்றாக அதிகாரிகளின் முத்திரை பொறித்த வெள்ளிக் கரண்டிகளையும், ஃபிராங்க்ளினின் விருதுப் பதக்கத்தையும் ரே அவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி வந்தார்.

லண்டன் கொதித்தது. ஆங்கிலேய மாலுமி மனிதனைத் தின்பானா? ஜேன் சீமாட்டியின் சீற்றத்துக்குத் துணையாகச் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதுகோலை எடுத்தார். தம் வார இதழில், இனுவிட்களின் வாய்மொழியை நம்பவே கூடாது என்றும், அவர்களே அந்த மாலுமிகளைக் கொன்றிருக்கலாம் என்றும் எழுதினார். ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த அந்த எழுத்தாளரின் கையிலிருந்து அப்படி ஒரு வரி வந்ததை என்னால் இன்றளவும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உண்மையைச் சொன்ன ரேயைச் சமூகம் ஒதுக்கியது. வடதுருவப் பயணிகள் பலருக்குக் கிடைத்த ‘சர்’ பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1864-இல், லாண்ட்சீரின் ஓவியம் ராயல் அகாடமியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் நடுங்கினார்கள். அந்தக் கரடிகளைக் காண மனம் பொறாமல் ஜேன் சீமாட்டி ஓவியம் இருந்த அறையைத் தவிர்த்தார் என்று சொல்வார்கள். ஓவியத்தில் மனித எலும்பைக் கடிப்பது விலங்குதான், மனிதன் இல்லை. இருந்தாலும் அந்தத் தலைமுறை ரேயின் செய்தியை மறந்திருக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லக் கூடாத ஒன்றைக் கரடியின் வாயில் வைத்து லாண்ட்சீர் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். பல ஆண்டுகள் மனநோயோடு போராடி வந்த ஒரு கலைஞர் அவர்; மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தை அவர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

கரடி கிழிப்பது பிரிட்டிஷ் கப்பலின் கொடி. நூறாண்டு கழித்து, அந்தக் காட்சியை மறைக்க மேலே போர்த்தப்படுவதும் பிரிட்டிஷ் கொடி. கைக்கு அகப்பட்ட பெரிய துணி அதுதான் என்பதைத் தவிர அதில் உள்நோக்கம் ஏதுமில்லை. ஆனாலும் கரடியைப் பற்றிய பேய்க்கதைகள் அத்தனையையும் சேர்த்துவைத்தாலும் இந்த ஒரு தற்செயலுக்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனுவிட்கள் சொன்னது என்னவாயிற்று? 1990-களில், வட கனடாவின் கிங் வில்லியம் தீவில் கிடைத்த அந்த மாலுமிகளின் எலும்புகளை ஆய்ந்தவர்கள், அவற்றில் கத்தியால் வெட்டிய தடங்களைக் கண்டார்கள். 2014-இல் எரிபஸ் கப்பலும் 2016-இல் டெரர் கப்பலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் சொல்லி வந்த வாய்மொழிச் செய்திகளும், டெரர் விஷயத்தில் இனுவிட் ஒருவர் தாம் பார்த்ததாகச் சொன்ன பாய்மரமும் தேடியவர்களுக்கு வழிகாட்டின. ஏறத்தாழ 160 ஆண்டுகள் அந்தச் சொல் காற்றில் நின்றது. ரேயின் நினைவுக்கல்லும் 2014-இல்தான் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் இடம்பெற்றது.

இறுதியாக ஒரே ஒரு தாளைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். 1859-இல், கிங் வில்லியம் தீவில் கல்லடுக்கு ஒன்றுக்குள், தகரக் குழலில் சுருட்டி வைத்த கடற்படைப் படிவம் ஒன்று கிடைத்தது. கண்டெடுப்பவர் தயவுசெய்து ஒப்படைக்கவும் என்று ஆறு மொழிகளில் அச்சிட்ட தாள் அது. அதில் இரண்டு செய்திகள் எழுதப்பட்டிருக்கின்றன. 1847 மே மாதத்தில் எழுதியது, ‘அனைவரும் நலம்’ என்கிறது. அதே தாளை 1848 ஏப்ரலில் வெளியே எடுத்து, எழுத இடமில்லாமல் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்கள்: பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டுவிட்டோம், ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11-இல் இறந்துவிட்டார், இதுவரை 24 பேரை இழந்தோம், எஞ்சிய 105 பேரும் நாளை தெற்கே ஆற்றை நோக்கிப் புறப்படுகிறோம். புறப்பாட்டைச் சொல்லும் கடைசி வரி தவிர, இரண்டு செய்திகளும் எரிபஸ் கப்பலின் அதிகாரி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் கையால் எழுதப்பட்டவை. நலம் என்று எழுதிய அதே கை, பதினொரு மாதம் கழித்து அந்த நலத்தைச் சுற்றி மரணக் கணக்கை எழுதியிருக்கிறது.

2024-இல், அந்தத் தீவில் முன்னரே கிடைத்திருந்த தாடை எலும்பு ஒன்றை மரபணுச் சோதனை அடையாளம் காட்டியது. அது ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடை. அதில் கத்தித் தடங்கள் இருக்கின்றன. அவை கரடியின் பல் தடங்கள் இல்லை. அவரோடு மாண்டவர்களின் எலும்புகளோடு சேர்த்து அதை அந்தத் தீவின் கரையிலேயே வைத்து, மேலே கற்களை அடுக்கி, நினைவுப் பலகை ஒன்றைப் பதித்திருக்கிறார்கள்.