ஏரியைக் காட்டாத ஏரி ரயில்

வணக்கம் மக்களே! பின்னால் புகை தெரிகிறதா? இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், விண்டர்மியர் ஏரியின் தென்முனையில் இருக்கும் லேக்சைடு ஸ்டேஷனில் நிற்கிறேன். ஹேவர்த்வெயிட்டிலிருந்து நீராவி ரயிலில் வந்து இப்போதுதான் இறங்கினேன். மூன்று மைல் சொச்சம்தான். வழியெல்லாம் மரமும் லீவன் ஆறும். ஏரி கடைசியில்தான் கண்ணில் படும். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

சரி, கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன். இது பிளாட்பாரம். அதை ஒட்டியே படகுத்துறை. பெட்டியை விட்டு இறங்கினால் நாலு எட்டில் படகு. 1869இல் ஃபர்னஸ் ரயில்வே திறந்த பாதை இது. அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டது இரும்புத்தாது. அந்த வரும்படி ஆட்டம் காணத் தொடங்கிய நேரத்தில், 1895இல் பொது மேலாளராக வந்தார் ஆல்ஃபிரட் ஆஸ்லெட். மனுஷன் பலே ஆள்! தாது போனால் என்ன, ஏரியை விற்கலாம் என்று இறங்கிவிட்டார்.

அவர் குறிவைத்தது பிளாக்பூல் கடற்கரைக்கு விடுமுறையில் குவியும் மில் தொழிலாளர்களை. பக்கத்து ஃப்ளீட்வுட்டிலிருந்து பாரோ துறைமுகத்துக்கு, 1900இல் வாங்கிய 'லேடி ஈவ்லின்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். பாரோவில் ரயில் ஏறி இங்கே வரவேண்டும். இங்கிருந்து படகில் ஆம்பிள்சைடு, அப்புறம் குதிரை வண்டியில் கோனிஸ்டன், அங்கிருந்து பாரோவுக்கு மறுபடி ரயில். கப்பல் தவிர, போன வழியே திரும்புகிற வேலையே இல்லை. இப்படி விதவிதமான சுற்றுகளுக்குச் சேர்த்தே டிக்கெட் விற்றார்கள். என்னைக் கேட்டால், ஆஸ்லெட்டின் சாமர்த்தியமெல்லாம் காட்சியில் இல்லை, டைம்டேபிளில்தான் இருக்கிறது. ஒரு வண்டி தாமதமானால் மொத்தச் சுற்றும் குட்டிச்சுவர்!

1914இல் போர் வந்ததும் அந்தக் கடல் சேவை நின்றது. பிறகு திரும்பவே இல்லை. இந்தப் பாதையில் 1965இல் பயணிகள் ரயிலும் நின்றது. 1973இல் ஆர்வலர்கள் மீட்டது இந்தத் துண்டு மட்டும்தான். மெயின் லைனோடு இப்போது தொடர்பு கிடையாது. அதனால் ஹேவர்த்வெயிட்டுக்கு பஸ்ஸிலோ காரிலோதான் வரவேண்டும்.

அதோ, 'டெர்ன்' வருகிறது! 1891இல் கட்டிய படகு. தோணி மூக்கைப் பாருங்கள். இப்போது ஓடுவது டீசலில். வருகிறவர்கள் ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்தே டிக்கெட் கேளுங்கள். ரயிலுக்கு மட்டும் எடுத்தால் ஏரியைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கயிறு கட்டுகிறார்கள், நான் ஏறுகிறேன்!